ஒரு கண்டுபிடிப்பு ஏறி இறங்கிய இதழ்கள்

1928 பிப்ரவரி 28 அன்று, கல்கத்தா பௌபஜார் தெரு ஆய்வகத்தில் சி.வி. ராமன் சிதறிய ஒளியை நிறமாலைக்காட்டி வழியே பார்த்தார். மூல ஒளியில் இல்லாத புதிய கோடுகள் தெரிந்தன. மறுநாளே பத்திரிகைகளுக்குத் தகவல் போனது. கண்டுபிடிப்பு முதலில் ஏறிய வண்டி நாளிதழ்தான். வெளியுலகுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டால் நாளிதழைவிட நல்ல சாட்சி கிடையாது. சோதனையில் எந்த வடிகட்டி, எந்தத் திரவம் என்று அதனிடம் கேட்கக் கூடாது.

அடுத்தது லண்டன் வார இதழான ‘நேச்சர்’. மார்ச் 31 இதழின் கடிதப் பகுதியில் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் எழுதிய சிறு குறிப்பு வந்தது. அதன் கீழே உள்ள தேதியைக் கவனிக்க வேண்டும்: பிப்ரவரி 16. நாம் அறிவியல் தினம் கொண்டாடும் நாளுக்கு 12 நாள் முந்தையது! அதில் இருப்பது வடிகட்டிய சூரிய ஒளியில் கண்டது. கோடுகள் அப்போது இன்னும் கண்ணில் படவில்லை. அச்சான தேதியை மட்டும் பார்த்து, கோடுகளுக்கு இக்கடிதத்தை ஆதாரம் காட்டினால் தவறாகிவிடும். இன்னொன்று, ‘நேச்சர்’ என்றாலே துறை வல்லுநர்கள் சரிபார்த்தது என்று இன்று நினைக்கிறோம். அங்கே அது கட்டாயமானது 1973க்குப் பிறகுதான். இன்றைக்கும் அதே இதழில் செய்தியும் கருத்துரையும் ஆய்வுக் கட்டுரையும் அடுத்தடுத்து வருகின்றன. ஆகவே அட்டையைப் பார்த்து இதழின் வகையைத் தீர்மானித்தால் போதாது, பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

விரிவான விவரம் வேறிடத்தில் இருக்கிறது. மார்ச் 16 அன்று பெங்களூரில் ராமன் ஆற்றிய உரை, 1926இல் அவரே தொடங்கிய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில் கட்டுரையானது. சோதனை முறையும் விளக்கமும் முந்தைய ஆய்வுகளின் தொடர்ச்சியும் அங்கேதான் கிடைக்கும். ஆய்வு மாணவர் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் இதுவே. பெரும்பாலோர் வருவதில்லை.

பொது வாசகர்களுக்கான வார, மாத இதழ்களுக்கு ராமனின் 1921 கப்பல் பயணமும் அதில் அவர் வியந்த மத்தியதரைக் கடலின் நீலமும்தான் பிடிக்கும். அதில் பிழையில்லை, கிருஷ்ணன் பெயர் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. ஒரு கண்டுபிடிப்பு மக்கள் மனதில் எப்படிப் பதிந்தது என்று ஆராய்பவருக்கு அந்த விடுபடலே தரவு. மருந்துத் துறையின் தொழில் இதழ்களிலோ ராமன் என்பது இந்த ஒளிச் சிதறலைக் கொண்டு மூலப்பொருளைச் சோதிக்கும் கைக்கருவியின் பெயர். கட்டுரைக்குப் பக்கத்திலேயே அந்தக் கருவியின் விளம்பரமும் இருக்கலாம். எழுதியவர் எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மண்டெல்ஸ்டாமும் அதே விளைவைக் குவார்ட்ஸ் படிகத்தில் பிப்ரவரி 21 அன்றே கண்டிருந்தார்கள். அவர்களுடைய கட்டுரை ஜெர்மனியின் ‘நாட்டுர்விஸ்ஸன்ஷாஃப்டன்’ இதழில் வந்தபோது ஜூலை ஆகிவிட்டது. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது.