விளையாட்டுக்குள் மறைந்த வரலாறு



பழைய கோயில் ஒன்றினுள் நுழைவோரின் கண்கள் கோபுரத்தையும் தூண்களையும் நாடுகின்றன. காலடியில் கிடக்கும் தரைக் கல்லை நோக்குவோர் சிலரே. தமிழகத்துப் பழங்கோயில் மண்டபங்கள் பலவற்றில் அத்தரைக் கற்களின்மேல் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் கீறப்பட்டிருப்பதைக் காணலாம். 3 புலிகள், 15 ஆடுகள். சுவரிலே மன்னர் வரலாறு, தரையிலே மக்கள் விளையாட்டு. சுவர்க் கல்வெட்டில் மன்னன் பெயர் உண்டு. கொடையாளியின் பெயர் உண்டு. கொடுத்த நிலத்தின் நான்கெல்லையும் உண்டு. அக்கல்லை வெட்டிய கையின் பெயரைக் காண்பதுதான் அரிது. எங்கள் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலின் கல்வெட்டுகளுக்கு முன்னே நிற்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் எண்ணம் இது.

இன்று யான் பேச எடுத்துக்கொண்டது நம் காலத்துப் பிள்ளைகளின் ஆட்டப் பலகையைப் பற்றி. தொலைக்காட்சித் திரையிலும் கணினியிலும் ஆடப்படும் வீடியோ விளையாட்டுகளை நாம் அனைவரும் அறிவோம். அவற்றுள், குகைக்குள் புகுந்து புதையல் தேடுவதும், கோட்டையைக் கடந்து பகைவரை வெல்வதுமான வீரப்பயண விளையாட்டுகள் பிள்ளைகளின் மனத்தை மிகவும் கவர்ந்தவை. அவ்விளையாட்டுகளுக்குள்ளே, ஆடுவோர் கண்ணில் படாத பொருள்கள் பல புதைந்து கிடக்கின்றன. அவற்றை மூவகையாகப் பிரித்துக் காணலாம். செய்தவர் வேண்டுமென்றே மறைத்து வைத்தவை ஒருவகை. செய்யத் தொடங்கிக் கைவிட்டவை ஒருவகை. பிழையால் தாமாக அமைந்துவிட்டவை மற்றொரு வகை. இம்மூன்றும் வரலாற்று மாணவனுக்கு நல்ல சான்றுகள்.

இவ்விளையாட்டுகளின் தொடக்கம் மனத்தை உருக்குவது. அமெரிக்க நாட்டில் வில் கிரௌதர் என்னும் கணினி அறிஞர் ஒருவர் இருந்தார். இன்றைய இணையத்திற்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கியோருள் அவரும் ஒருவர். குகைகளை ஆராய்வது அவருடைய பொழுதுபோக்கு. கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொகுதியை அவரும் அவர் மனைவியாரும் நடந்தும் தவழ்ந்தும் அளந்து வரைபடமாக்கினர். பின்னர் அவர்களுடைய மணவாழ்வு முறிந்தது. பிரிந்து வாழ நேர்ந்த தம் இரு பெண்மக்களும் தம்மைக் காண வரும்போது மகிழ்ந்து ஆடுவதற்காக, 1975, 1976 ஆம் ஆண்டுகளில் அக்குகையையே ஒரு சொல் விளையாட்டாக அமைத்தார். அதில் படம் இல்லை, ஓசை இல்லை. கணினி ஓர் இடத்தை வருணிக்கும். பிள்ளை 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டச்சு செய்யும். 1977 இல் டான் உட்ஸ் என்னும் மாணவர், கிரௌதரின் இசைவு பெற்று அதனை விரிவாக்கினார். உலகம் அறிந்தது அந்த விரிவாக்கத்தையே. மூலம் தொலைந்தது என்றே பலரும் கருதினர்.

குகையின் அமைப்பு கிரௌதருடையது, குள்ளர்களும் மந்திரச் சொற்களும் உட்ஸ் சேர்த்தவை என்பது நெடுநாளைய வழக்காகிவிட்டது. 2005 இல், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உட்ஸின் பழைய மாணவர் கணக்கின் காப்புப் படி ஒன்றிலிருந்து கிரௌதரின் மூலம் வெளிப்பட்டது. டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் பேராசிரியர் அதனைப் படித்தார். கென்டக்கி சென்று குகைக்குள்ளும் இறங்கிப் பார்த்தார். 2007 இல் தம் ஆய்வை வெளியிட்டார். கோடரி எறியும் குள்ளனும் மந்திரச் சொல்லும் மூலத்திலேயே இருந்தமை தெளிவாயிற்று. எவரோ அழிக்காமல் விட்ட ஒரு காப்புப் படி முப்பதாண்டு வழக்கைத் திருத்திவிட்டது. ஏட்டுச் சுவடி ஒன்று கிடைத்ததும் பாடபேதம் தீர்வது போன்றது இஃது அன்றோ?

ஸ்டான்போர்டில் அக்குகை விளையாட்டைக் கண்டு வியந்தவர்களுள் வாரன் ராபினெட் என்னும் இளைஞரும் ஒருவர். அவர் அட்டாரி நிறுவனத்தில் பணியாற்றினார். அவ்விளையாட்டைத் தொலைக்காட்சித் திரையில் படமாகக் காட்ட எண்ணி, 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டைத் தனியொருவராகப் படைத்தார். அவருக்குக் கிடைத்த இடம் 4,096 பைட் மட்டுமே. அதற்குள் மூன்று கோட்டைகளும் மூன்று டிராகன்களும் ஒரு வௌவாலும் அடங்கின. 1980 இல் வெளிவந்த அது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது.

ஆயினும் அந்நாளில் அட்டாரி, விளையாட்டைப் படைத்தவரின் பெயரைப் பெட்டியிலும் போடுவதில்லை, திரையிலும் காட்டுவதில்லை. விற்பனையில் பங்கும் தருவதில்லை. ராபினெட் எவரிடமும் சொல்லாமல் ஒன்று செய்தார். கறுப்புக் கோட்டையின் புதிர்வழிக்குள், பின்னணியின் நிறத்திலேயே ஒரு சாம்பற்புள்ளியை வைத்தார். அதனைக் கண்டெடுத்துக் குறித்த ஓர் அறைக்குக் கொண்டு சென்றால் சுவரைக் கடந்து உள்ளே போகலாம். அங்கே, இதனைப் படைத்தவர் வாரன் ராபினெட் என்னும் வாசகம் திரையில் ஒளிரும். மேலதிகாரிகள் அதனை அறியவில்லை. அவரும் வேலையை விட்டு விலகிவிட்டார்.

சால்ட் லேக் சிட்டி நகரத்துப் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் அவ்வறையைக் கண்டுபிடித்து நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினான். சில்லுகளை மீண்டும் வார்ப்பதென்றால் பெருஞ்செலவு. ஸ்டீவ் ரைட் என்னும் அதிகாரி, அது அப்படியே இருக்கட்டும் என்றார். ஈஸ்டர் திருநாளில் வண்ண முட்டைகளைத் தோட்டத்தில் ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேடச் செய்யும் மேலைநாட்டு வழக்கத்தை நினைந்து, இத்தகைய மறைபொருளுக்கு 'ஈஸ்டர் முட்டை' என்று பெயரிட்டார். அப்பெயரே நிலைத்தது. ஒரு தொழிலாளி தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த செயல், பின்னர் உலகப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு விளையாட்டாயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். 1990களில் நம் கடைத்தெருக்களில் 'டிவி கேம்' என்னும் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனத்தின் கருவியைப் பார்த்துச் செய்த போலிகளே அவற்றுள் மிகுதி. காட்ரிட்ஜின்மேல் 99,99,999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சிலவே, அவையே வெவ்வேறு கட்டங்களிலிருந்து தொடங்கித் திரும்பத் திரும்ப வரும். அவற்றின் வழியே நம் பிள்ளைகள் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டை அறிந்தனர். 1985 இல் ஷிகேரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா ஆகியோர் உருவாக்கிய அது 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதில் வானத்து மேகமும் தரையின் புதரும் ஒரே ஓவியம்; நிறம் மட்டுமே வேறு. சிக்கனத்தில் நம் இல்லத்தரசியரும் அவரிடம் தோற்றுவிடுவர்.

அவ்விளையாட்டில் முதல் உலகத்து இரண்டாம் கட்டத்தின் இறுதிச் சுவரை ஒருவகையாக ஊடுருவிச் சென்று அங்குள்ள குழாயில் இறங்கினால், 'கழித்தல் ஒன்று' என்று எண்ணிடப்பட்ட ஓர் உலகம் தோன்றும். நீருக்குள் முடிவின்றி நீந்திக்கொண்டே இருக்கவேண்டும்; வெளியேற வழியில்லை. இது எவரும் ஒளித்து வைத்ததன்று. உள்ளே அவ்வுலகின் எண் 36; 36 ஆம் எழுத்துப்படம் வெற்றிடம்; ஆதலால் எண் மறைந்து, அதை அடுத்த சிறுகோடும் ஒன்றும் மட்டுமே திரையில் நின்றன. பிழையில் பிறந்த உலகம் அது.

அந்நாளில் யான் ஆசிரியனாக இருந்தேன். மாணவன் ஒருவனது கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் கட்டங்களும் குழாய்களும் அம்புக்குறிகளும் வரைந்திருக்கக் கண்டேன். "இது என்ன?" என்றேன். "மாரியோவில் சுவருக்குள்ளே போகிற வழி, ஐயா" என்றான். எந்தச் செங்கல்லின்மேல் நிற்கவேண்டும், எந்த நொடியில் குதிக்கவேண்டும் என்றெல்லாம் அவன் எழுதி வைத்திருந்தான். யான் அப்பக்கங்களைக் கிழித்தெறிந்தேன். கணக்கைக் கவனி என்று கடிந்துகொண்டேன். பல முறை முயன்று, கண்டதைக் குறித்து வைத்து, பிறர்க்கும் பயன்பட வரைந்து காட்டும் ஆராய்ச்சி நெறியை அச்சிறுவன் தானாகவே கற்றிருந்தான் என்பதை அன்று யான் உணரவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இவ்விளையாட்டுகளை எவ்வாறு ஆடினர் என்று இன்று ஒருவர் வரலாறு எழுதப் புகுந்தால், அவருக்கு முதற்சான்றாக நிற்கக்கூடியவை அத்தகைய நோட்டுகளே. அவற்றுள் ஒன்றை அழித்த கை என் கை.

மறைபொருள்கள் விளையாட்டின் வாழ்வையே மாற்றியதும் உண்டு. 1996 இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் விளையாட்டில் 150 உயிரினங்கள். சோதனைக்கான நிரல்களை நீக்கியதும் சுமார் 300 பைட் இடம் மிஞ்சியது. ஷிகேகி மொரிமோட்டோ என்னும் நிரலர் அவ்விடத்தில் 'மியூ' என்னும் 151 ஆம் உயிரினத்தைச் சேர்த்து வைத்தார். ஆடுவோர்க்கு அது கிட்டாது என்பது எண்ணம். ஆனால் ஒரு பிழையின் காரணமாகச் சிலர் திரையில் அது தோன்றிவிட்டது, வதந்தி பரவியது. பின்னர் ஒரு சிறுவர் இதழ் மியூவை 20 பேருக்கு வழங்குவதாக அறிவித்தபோது 78,000 பேர் விண்ணப்பித்தனர்.

கைவிட்டதை ஏன் அழித்துவிடவில்லை என்று கேட்கலாம். கட்டிய வீட்டின் நடுவிலிருந்து ஒரு செங்கல்லை உருவினால் என்ன ஆகும்? நிரலும் அத்தகையதே. ஒன்றை நீக்கினால் மற்றவற்றின் இருப்பிடம் பிறழும். புதுப் பிழை முளைக்கும். ஆதலால் அதற்குச் செல்லும் வழியை மட்டும் அடைத்துவிட்டு, பொருளை அங்கேயே விட்டுவிடுவர்.

இதில் அறம் சார்ந்த ஒரு கேள்வியும் எழுகிறது. 1996 இல் வந்த 'சூப்பர் மாரியோ 64' விளையாட்டில் மாரியோவின் தம்பி லூயிஜியைச் சேர்க்க எண்ணி, நினைவக இடம் போதாமையால் கைவிட்டனர். 2020 இல் நின்டெண்டோவின் உள்கோப்புகள் களவாக வெளியானபோது, அந்த லூயிஜியின் எச்சங்கள் அவற்றுள் இருந்தன. ஆர்வலர்கள் களித்தனர். ஆயினும் களவு களவே. ஒருவர் எழுதிக் கிழித்த வரைவை அவர் இசைவின்றிப் படிப்பது முறையாகாது. அதேவேளை, உரியவர் பேணாமலும் பிறரைப் பேணவிடாமலும் இருந்தால் அப்பொருள் அழிந்தே போகும். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று, அந்நாட்டின் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023 இல் அறிவித்தது. களவுமின்றி அழிவுமின்றிக் காக்கும் வழி ஒன்றே: நூல்நிலையங்களும் நிறுவனங்களும் இசைந்து, காலத்தே பாதுகாத்தல்.

அத்தகைய பணிக்குச் சான்று தேட நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. புதுச்சேரியில் பேணப்படும் சைவச் சுவடிகள் சுமார் 11,000. 2005 இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. முற்றுப்பெறாத சுவடியையும் முறிந்த ஏட்டையும் தள்ளிவிடாமல் காப்பதே சுவடிக் காப்பாளரின் நெறி. இதனை நம் நாட்டு விளையாட்டுகளுக்கும் ஏன் செய்யலாகாது? 2009 இல் ஐதராபாத்து நிறுவனம் ஒன்று பால அனுமனை நாயகனாக்கி ஒரு வீரப்பயண விளையாட்டைச் செய்தது; அது சோனியின் பிளேஸ்டேஷன் 2 கருவியில் வெளிவந்தது. அதனை வரைந்தவர்களும் நிரல் எழுதியவர்களும் இன்றும் நம்மிடையே வாழ்பவர்கள். அவர்கள் வரைந்து கைவிட்ட படங்களையும், எழுதி அடித்த குறிப்புகளையும் கேட்டுப் பெற்று வைப்பதற்கு இதுவே தக்க காலம்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் யான் சொல்ல விரும்புவது இது. பிள்ளைகள் விளையாட்டுக்கு அளவு வகுப்பது நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் விளையாட்டில் தான் கண்ட மறைவழியை ஒரு பிள்ளை வரைந்துகொண்டு வந்து காட்டினால், அத்தாளைக் கிழித்துவிடாதீர்கள். அதில் அப்பிள்ளையின் பெயரையும் நாளையும் எழுதச் சொல்லிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். தரைக் கல்லில் ஆடுபுலிக் கோடு கீறியவர் பெயரை நாம் இழந்தோம். இத்தாளில் உள்ள பெயரையேனும் இழவாதிருப்போம்.