ஏழு ஓட்டையும் ஒரு காப்புரிமையும்

இரும்புத் துண்டில் முன்பக்கம் தொடங்கிப் பின்பக்கம் வெளிவரத் துளை போடுவது, லேத் ஓட்டுகிறவனுக்கு ஒரு வேலையே இல்லை. பாதியில் நிறுத்துவதுதான் தொல்லை. ஆழம் பிசகக்கூடாது, அடிப்பகுதி மட்டமாக வரவேண்டும். கோயம்புத்தூரில் ஒரு டூல் ரூமில் தொழில் படித்து, கனெக்டிகட்டில் ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இந்தக் கதையை முதலில் கேட்டபோது நம்ப முடியவில்லை: ரிவால்வர் சிலிண்டரில் ஊடுருவும் துளை போட்டுப் பின்னாலிருந்து தோட்டா போடும் உரிமை, அமெரிக்காவில் 1855 முதல் 1869 வரை ஒரே ஒரு மனிதரின் சொத்து.

அவர் பெயர் ரோலின் வைட். ஹார்ட்ஃபோர்டில் சாமுவேல் கோல்ட்டின் தொழிற்சாலையில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்த்தவர். 1855 ஏப்ரல் 3 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த வரைபடத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. காகிதத் தோட்டாவை ஊட்டிவிட ஏகப்பட்ட நெம்புகோல்கள். அப்படியே செய்தால் நாலு தடவை சுடுவதற்குள் சிக்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் குப்பைக்கு நடுவே ஊடுருவும் துளை என்ற ஒரு வரி இருந்தது. பிரான்ஸில் யூஜின் லெஃபோஷோ என்பவர் அதே காலத்தில் அப்படித் துளைத்த ரிவால்வர்களையே செய்து கொண்டிருந்தார். 1858இல் பிரெஞ்சுக் கடற்படையே அவருடையதை ஏற்றது. கடலுக்கு இந்தப் பக்கம்தான் வைட்டின் வேலி.

வேலியின் மதிப்பைப் புரிந்துகொண்டவர்கள் ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும். அன்றைய கோல்ட் ரிவால்வரில் சிலிண்டரின் முன்பக்கமாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து இடித்து, பின்னால் ஒவ்வொரு அறைக்கும் உள்ள காம்பில் ஒரு கேப்பு மாட்டவேண்டும். தீபாவளிக்கு நாம் கேப் துப்பாக்கியில் வைத்த பொட்டுக்கு அண்ணன் அது. மழையில் நனைந்தால் போச்சு. மருந்து, குண்டு, கேப்பு மூன்றும் ஒரே செப்பு ஓட்டுக்குள் அடங்கிவிட்டால் பின்னாலிருந்து செருகினால் போதும். அதற்குத் துளை பின்வரை திறந்திருக்க வேண்டும். 1856 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது: ரிவால்வர் ஒன்றுக்கு வைட்டுக்கு 25 சென்ட். அதோடு ஒரு சின்ன வரி. யாராவது காப்புரிமையை மீறினால் வழக்காடும் செலவு வைட்டுடையது. அந்த வரியைப் போட்டவரைக் கெட்டிக்காரர் என்பதா, வேறு என்னவாவது என்பதா, தெரியவில்லை.

1857இல் மாடல் நம்பர் 1 வந்தது. .22 அளவு, ஏழு தோட்டா, உள்ளங்கைக்குள் அடங்கும். கீழேயுள்ள கொண்டியை விடுவித்தால் குழல் மேல்நோக்கி மடியும். சிலிண்டரை உருவி, குழலுக்கு அடியில் நிற்கும் கம்பியில் குத்தினால் காலி ஓடு வெளியே வரும். முதல் ரகம் 1860 வரை, சுமார் பன்னிரண்டாயிரத்துக்குள்தான் செய்தார்கள்; சேகரிப்பவர்கள் அதற்குத்தான் அலைவார்கள். பித்தளைச் சட்டத்துக்கு வெள்ளிப் பூச்சு, ரோஸ்வுட் கைப்பிடி. தோட்டாவில் கருமருந்து நாலு கிரெயின்தான். ஆளைக் கீழே தள்ளும் சக்தி கிடையாது. ஆனாலும் 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் சிப்பாய்கள் சொந்தக் காசில் வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஸ்ப்ரிங்ஃபீல்டில் இருந்த ஸ்மித் வெஸ்ஸன் தொழிற்சாலையால் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து முடியவில்லை.

பணம் கொட்டுகிற இடத்தில் மற்றவர்கள் கைகட்டி நிற்பார்களா? சிலர் நேராகத் திருடினார்கள். சிலர் சுற்றிப் போனார்கள். என் அலமாரியில் இருப்பவர்கள் இந்தச் சுற்றிப் போனவர்கள்தான். ஸ்மித் வெஸ்ஸனைவிட எனக்கு இவர்கள்மேல்தான் பிரியம். புரூக்ளினில் மூர் என்பவரின் .32 ரிவால்வரை எடுத்துப் பாருங்கள். தோட்டாவைச் சிலிண்டரின் முன்பக்கமாகத் தள்ளவேண்டும். அதன் பின்புறம் பருப்பு மாதிரி ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். சிலிண்டரின் பின்சுவரில் குமிழ் எட்டிப் பார்க்க மட்டும் ஒரு சிறு துளை. சுத்தியல் அதில் அடிக்கும். தோட்டா முன்னால் நழுவி விழாமல் இருக்க ஒரு குட்டிக் கொக்கி. நியூ ஹேவன் பிளான்ட் கம்பெனியின் தோட்டாவுக்குப் பின்புறம் கிண்ணம்போல் குழிந்திருக்கும். அதையும் முன்பக்கமே போடவேண்டும். வூஸ்டரில் லூசியஸ் பாண்ட் தனித்தனி எஃகுக் கூடுகளில் தோட்டாவை வைத்து, கூட்டையே முன்பக்கமாகச் சிலிண்டருக்குள் செருகச் சொன்னார். எல்லோரையும் மிஞ்சியது ஸ்லோகம் என்ற ரிவால்வர்: ஒவ்வொரு அறைக்கும் ஓர் உறை, அதை முன்னே இழுத்தால் பக்கவாட்டில் தோட்டா போடலாம். ஐந்து அறைகளிலும் அந்த இழைவு இவ்வளவு துல்லியமாக வர என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பது கையால் உரசி உட்காரவைத்தவனுக்குத் தெரியும். இவை எதுவும் நல்ல துப்பாக்கி வேண்டுமென்று பிறந்த வடிவங்கள் அல்ல. வக்கீல் நோட்டீஸுக்குப் பயந்து பிறந்தவை.

நேராகத் திருடியவர்களை வைட் நீதிமன்றத்துக்கு இழுத்தார். வூஸ்டரின் ஈதன் ஆலன்மேல் போட்ட வழக்கில் 1863இல் மாசசூசெட்ஸில் வெற்றி. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் கீழ்த் தீர்ப்பே நின்றது. தோற்றவர்கள் சிலர் மிச்சமிருந்த சரக்கை ஸ்மித் வெஸ்ஸனுக்காகச் செய்தது என்று முத்திரை குத்தி விற்க வேண்டியதாயிற்று. சுற்றிப் போவதற்கு முன் மூரும் பாண்டும்கூட நேராகத் திருடியவர்கள்தான்; அந்த முத்திரையுள்ள மூரோ பாண்டோ சந்தையில் வந்தால் எனக்குக் கை அரிக்கும். வைட்டுக்கு என்ன மிஞ்சியது? லோவெல் நகரில் அவர் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கி மூடினார். அதை வாங்கியவர்கள் அதே ரிவால்வரைத் தொடர்ந்து செய்ய, அவர்கள்மேலும் வழக்குப் போடும் நிலைமை. 1869 ஏப்ரலில் காப்புரிமை காலாவதியானது. நீட்டிக்கும் மசோதா காங்கிரஸில் நிறைவேறி ஜனாதிபதி கிராண்ட்டின் மேசைக்குப் போனது. 1870 ஜனவரியில் அவர் மறுத்துத் திருப்பி அனுப்பினார். போர்க்காலத்தில் இந்தக் காப்புரிமையால் அரசு பட்ட சிரமம் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. தளபதியாக இருந்தவருக்கு அதை யாரும் விளக்கத் தேவையுமில்லை. வைட் அதற்குப் பிறகும் மனு மேல் மனுவாகப் போட்டுப் பார்த்தார்.

மடை திறந்தது. கோல்ட் .41இல் நாலு தோட்டாவோடு, குளோவர் இலை மாதிரி சிலிண்டர் வைத்த ஹவுஸ் மாடலைக் கொண்டுவந்தது. 1872இல் நியூயார்க்கில் ஜிம் ஃபிஸ்க் என்ற பங்குச்சந்தைக் கோமானைக் கொன்றது அந்த ரகம்தான். நார்விச்சிலும் வூஸ்டரிலும் மலிவு .22, .32 ரிவால்வர்கள் குவிந்தன. 1948இல் டங்கன் மெக்கானல் என்பவர் இவற்றுக்கு ‘சூசைட் ஸ்பெஷல்’ என்று பெயர் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. வார்ப்பு இரும்பு, தளர்ந்த சுருள், பெயர் மட்டும் டிஃபெண்டர், டிராம்ப்ஸ் டெரர் என்று வீராப்பாக. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை.

நம்பர் 1இல் போட்டதுபோல விளிம்பில் அடித்தால் வெடிக்கும் ரிம்ஃபயர் தோட்டா பெரிதாக வளராததற்குக் காரணம் ஓட்டின் விளிம்பிலேயே இருக்கிறது. தீப்பற்றும் கலவையை ஈரமாக உள்ளே விட்டு, ஓட்டைச் சுழற்றி, விளிம்பு மடிப்புக்குள் பரவச் செய்வார்கள். சுத்தியல் அடித்தால் அந்த மடிப்பு நசுங்கவேண்டும். நசுங்க வேண்டுமென்றால் உலோகம் மெல்லியதாக இருக்கவேண்டும். மெல்லிய ஓடு அழுத்தம் தாங்காது. அதனால்தான் படை ரிவால்வர்கள் நடுவில் கேப்பு வைத்த சென்டர்ஃபயருக்கு மாறின. ஒருமுறை நசுங்கிய விளிம்பை மீண்டும் நிரப்பவும் முடியாது. .22 மட்டும் தப்பிப் பிழைத்தது, மலிவு என்பதால்.

இவற்றைச் சேகரிக்க ஆசைப்பட்டால்: அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1898 வரை செய்த துப்பாக்கி பழம்பொருள். மாநிலச் சட்டம் வேறு, அதைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். சுடுவதா? பெரும்பாலானவற்றை நான் சுடுவதில்லை. கடையில் கிடைக்கும் இன்றைய .22 ஷார்ட் தோட்டா நம்பர் 1இல் அழகாக நுழையும். ஆனால் அந்தப் பித்தளைச் சட்டமும் பழைய இரும்பும் கருமருந்துக்குச் செய்தவை, புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்கு அல்ல. .32 ரிம்ஃபயர் தோட்டா கடைகளில் வருவதே நின்றுபோய்விட்டது. பழைய பெட்டி கிடைத்தால் அதைத் திறக்க மனம் வராது. பெட்டி சில சமயம் துப்பாக்கியளவு விலை போகும். மூரின் குமிழ்த் தோட்டாவிலேயே உருண்டை, தட்டை என்று இரண்டு வகை உண்டு. தட்டையை மட்டும் தேடுகிற ஒரு கிழவர் ஹார்ட்ஃபோர்ட் சந்தைக்குத் தவறாமல் வருவார். என்னிடம் ஒன்று இருக்கிறது. பதிலுக்கு ஸ்லோகம் ரிவால்வரின் உறை ஒன்று கொடுத்தால் தருவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.