இலங்கையில் மின்வழி மக்கள் பங்கேற்பு

மின்வழி மக்கள் பங்கேற்பு என்பது இணையம், கைத்தொலைபேசி ஆகியவற்றின் வழியே பொதுமக்கள் அரசாங்கத்தின் முடிவுகள் பற்றிக் கருத்துச் சொல்லவும், எடுத்த முடிவுக்குக் கணக்குக் கேட்கவும் வழிசெய்யும் ஏற்பாடு. எஸ்தோனியா 2005இலேயே உள்ளூராட்சித் தேர்தலில் இணையவழி வாக்களிப்பை நடத்தியது. ஐக்கிய இராச்சியத்தில் ஒரு லட்சம் பேர் ஒப்பமிட்ட இணைய மனு பாராளுமன்ற விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும். இலங்கையில் இவ்விரண்டும் இல்லை. பாராளுமன்றத்துக்குப் போகும் பொதுமனுவை இங்கு இன்றும் ஓர் உறுப்பினர்தான் சமர்ப்பிக்க வேண்டும்.

தொடக்க முயற்சிகள் பெரும்பாலும் தகவல் சொல்வதோடு நின்றன. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் இயங்கியது. கிராமங்களில் 'நெனசல' கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன. 1919 என்ற இலக்கத்தை அழைத்தால் எந்தக் காரியத்துக்கு எந்தப் படிவம், எந்தக் கந்தோர் என்று மூன்று மொழிகளிலும் சொன்னார்கள். மக்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை. 2013இல் வெரிட்டே ஆய்வு நிறுவனம் தொடங்கிய 'மந்திரி' இணையத்தளம், பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் என்ன செய்கிறார்கள் என்பதை ஹன்சார்ட் கொண்டு கணக்கெடுத்தது. அது அரசாங்கத்தின் முயற்சியன்று.

2015இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் நிலைமை சற்று மாறியது. அந்த டிசம்பரில் லால் விஜேநாயக்க தலைமையில் அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்கான மக்கள் கருத்தறியும் குழு அமைக்கப்பட்டது. மாவட்டந்தோறும் அமர்வுகளை நடத்திய அக்குழு, மின்னஞ்சலிலும் தொலைநகலிலும் வந்த யோசனைகளையும் ஏற்று, 2016 மே மாதத்தில் அறிக்கை தந்தது. புதிய அரசியலமைப்பு வரவேயில்லை. மக்களின் கருத்தைக் கேட்டவர்களுக்கு அதற்குப் பதில் சொல்லும் கடமை இல்லாததே இம்முயற்சியின் பெருங்குறை.

2022இல் ஜனாதிபதியைப் பதவி விலகக் கோரிய 'கோட்டா கோ ஹோம்' போராட்டம் சமூக ஊடகங்களில் திரண்டது. ஏப்ரல் 3ஆம் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் முடக்கியது; எதிர்ப்பு எழவே அன்றே தடை நீங்கியது. ஜூலையில் ஜனாதிபதி பதவி விலகினார். பின்னர் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்துக்கு எதிராக நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்தில் தாக்கலாயின. ஆயினும் 2024 ஜனவரியில் அது பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

சட்டக் கடமை பின்னால் நின்ற இடங்களில் விளைவு வேறு. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் முன் மக்களின் கருத்தைக் கேட்கிறது. 2024 டிசம்பரில் கட்டணத்தை மாற்றவேண்டாம் என்று மின்சார சபை முன்மொழிந்தபோது, ஆணைக்குழு ஒன்பது மாகாணங்களிலும் அமர்வு வைத்தது. மின்னஞ்சல், வாட்ஸ்அப் வழியாகவும் கருத்துகளை வாங்கியது. செலவுக் கணக்கையும் பார்த்தபின் 2025 ஜனவரி 17 அன்று கட்டணத்தைச் சராசரியாக 20 சதவீதம் குறைத்தது. இந்நாட்டு அனுபவத்தில் இதுவே உறுதியான உதாரணம் எனலாம்.

இரத்தினபுரி மாவட்டத்தின் ஓப்பநாயக்க போன்ற பிரதேசங்களின் தோட்ட மக்களுக்கு இப்பங்கேற்பு பிந்தியே எட்டியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது; எஞ்சியிருந்தோரின் சிக்கலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் தீர்த்தது. வாக்குரிமை கிடைத்த பின்னும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்குப் போட்ட சபையிடமே லயத்துப் பாதையைத் திருத்தித் தரக் கேட்க முடியவில்லை. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கு பயன்படும் கருவி. பிரதேச சபை எவ்வளவு பணத்தை எந்தத் தோட்டத்துக்கு ஒதுக்கியது என்று தமிழிலேயே கேட்கலாம். விண்ணப்பத்தின் மீது 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். ஆனால் பல தோட்டங்களில் லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட ஆபிஸில் கொடுக்கப்பட்டு, அங்கிருந்தே உரியவர் கைக்கு வருகின்றன, தாமதமாவதும் உண்டு. இதைத் தவிர்க்க விரும்புவோர், விண்ணப்பத்திலேயே மின்னஞ்சல் முகவரியைக் குறித்து, பதிலை அதன்வழி அனுப்பும்படி கேட்டுக்கொள்ளலாம்.