சிறைக்குச் செல்லும் கடிதம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம் பார்த்த பூமியிலிருந்து மதுரை மத்திய சிறைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். போக முடியாதபோது கடிதம் எழுதுவோம்.

அதிகாரிகள் படித்த பின்பே கடிதம் கைதியிடம் சேரும். ஆகவே,

• பெயருடன் கைதி எண்ணையும் தெளிவாக எழுதுவோம்.
• உறைக்குள் பணமோ பொருளோ வைக்க வேண்டாம்.
• வழக்கைப் பற்றி எழுத வேண்டாம். அதை வழக்கறிஞர் பேசட்டும்.
• மழை பெய்ததா, கண்மாய் நிறைந்ததா, பிள்ளை என்ன படிக்கிறது என்று எழுதுவோம்.

1941 ஜூனில் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து புனித மாக்சிமிலியன் கோல்பே தம் தாய்க்கு எழுதியதும் தணிக்கைக்கு உட்பட்ட சில வரிகளே. கடவுள் எங்கும் இருக்கிறார், கவலை வேண்டாம் என்பதே அதன் செய்தி. பிறர் படிப்பதால் அன்பு குறைவதில்லை.

சிறையிலிருப்போரைத் தேடுகையில் ஆண்டவரையே தேடுகிறோம் (மத் 25:36). இந்த வாரம் ஒரு கடிதம் எழுதுவோமா?