மேய்ப்போனும் உடையோனும்: சமயகுரவர் பெயர்கள் சில

கிறித்துவ சபைகளிலே குருவைக் குறிக்கும் ‘பாஸ்டர்’ என்பது இலத்தீன் மொழியில் ஆட்டிடையனுக்குப் பெயர். மேயச் செய்தல், ஊட்டுதல் என்னும் பொருள்படும் வினையடியாகப் பிறந்தது. ஒலியளவில் நோக்குவார்க்கு இது வடமொழிப் ‘பசு’ என்பதனோடு உறவுடையதெனத் தோன்றும். அங்ஙனமன்று. இலத்தீனிற் பசுவுக்கு இனமாவது, கால்நடையைக் குறிக்கும் ‘பெகுஸ்’ என்னும் சொல்லேயாம். அதனின்று ‘பெகூனியா’ எனப் பணத்துக்குப் பெயர் வந்தது. மாடு என்பது தமிழிலே செல்வத்துக்கும் பெயராதலை அறிந்தார்க்கு இதில் வியப்பொன்றுமில்லை. பாஸ்டரோவெனின், காத்தற்பொருட்டாகிய ‘பா’ என்னும் வேரைச் சார்ந்தது. கோபாலன், பூபாலன் என்னும் பெயர்களின் ஈற்றில் நிற்பதும் அவ்வேரே. ‘பதி’ என்பது இவ்விரண்டினும் வேறாய், உடைமையும் தலைமையும் குறிக்கும் பிறிதொரு வேரினது. ஆகவே மேய்ப்போன், மேய்க்கப்படுவது, உடையோன் என்னும் மூன்றும் மூவேறு வேர்களால் உணர்த்தப்பட்டன.

பாசத்தாற் கட்டுண்டமையிற் பசுவெனப்பட்டது எனச் சைவநூலார் கூறும் காரணம் சித்தாந்தப் பொருளை விளக்குவது. அவ்வகையில் அது பழுதற்றது. இக்காலத்து மொழிநூலாரோ பசு, பாசம் என்பவற்றைப் பெரும்பாலும் ஒரு வேரினவாகக் கொள்வதில்லை. பொருள்விளக்கம் ஒன்று, சொல்வரலாறு ஒன்று. இரண்டனையும் மயங்க வைத்து வாதிடுவோர் பிறர் நகைக்கு இடந்தருவர்.

மேய்ப்போன் என்னும் பெயர் முதலில் அரசர்க்கு உரியதாயிருந்தது. கி.மு. 18ஆம் நூற்றாண்டிற் பாபிலோனை ஆண்ட அம்முராபி தன் சட்டக் கல்வெட்டிலே தன்னை மேய்ப்பன் என்று சொல்லிக்கொள்கின்றான். எபிரேயரின் எசேக்கியேல் ஆகமம் 34ஆம் அதிகாரத்தில், மந்தையை ஊட்டாது தம்மையே ஊட்டிக்கொண்ட மேய்ப்பர் எனக் கடியப்படுவோரும் ஆளுந்தலைவரே.

குருமார்க்கு அப்பெயர் வந்தமையைப் புதிய ஏற்பாட்டிற் காணலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்திற் பவுல் எபேசு நகரத்து மூப்பரை அழைப்பித்து, அவர்களையே மேற்பார்ப்போர் எனவும் குறித்து, மந்தையை மேய்க்கும்படி பணிக்கின்றார். மூப்பர் என்னும் கிரேக்கச் சொல் ‘பிரெஸ்பூதெரோஸ்’. ஆங்கிலத்துப் ‘பிரீஸ்ட்’ அதன் திரிபு. மேற்பார்ப்போன் என்பது ‘எபிஸ்கொபோஸ்’. ‘பிஷப்’ அதன் திரிபு. ஈண்டு இரண்டும் ஒரே கூட்டத்தார்க்கு வழங்கின; ஒருவர் மேல், ஒருவர் கீழ் என்னும் வரிசை பின்னர் எழுந்தது. 2ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியா நகரத்து இக்னேஷியஸ் எழுதிய நிருபங்களில் அது தெளிவாகத் தோன்றும்.

இன்னும் நோக்கத்தக்கது ‘கிளெர்ஜி’ என்னும் சொல். குருமார் தொகுதியைக் குறிக்கும் இதன் மூலம் ‘கிளேரோஸ்’. சீட்டு, சீட்டினால் விழுந்த பங்கு என்பது பொருள். பேதுருவின் முதல் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் இச்சொல் குருமாரைக் குறிக்கவில்லை. அவர்பால் ஒப்புவிக்கப்பட்ட மக்களையே குறிக்கின்றது. அவர்மேல் இறுமாந்து ஆளற்க, மந்தை தேவனுடையது என்பது அவ்விடத்துக் கருத்து. மக்கட்குரிய பெயர் மக்களை நடத்துவோர்க்கே ஆயினமை சொல்வரலாற்றில் ஒரு விந்தை.

தமிழில் இவற்றை ஆக்கினோர் எபிஸ்கொபோஸ் என்பதனைக் கண்காணி என்றனர். சொல்லுக்குச் சொல் நேரானதே. ஆயினும் இலங்கைத் தோட்டங்களிற் கூலிகளை நடத்துவோர்க்கும் கங்காணி என அதுவே வழங்கியமையின் மதிப்புக் குன்றிற்றுப் போலும். பின்னர் ஆயர், பேராயர் என்பன வழங்கலாயின. ஆ என்பது பசுவாதலின் ஆட்டிடையர்க்கு ஆயர் என்பது பொருந்துமோ எனின், பொருந்தும். கலித்தொகையுள் ஆடு மேய்ப்போர் புல்லினத்தாயர் எனப்பட்டனர்.

சைவத்திலோ குருமார்க்கு மேய்த்தற்றொழிலாற் பெயரில்லை. குரு என்பது கனமுடையோன். ஆசாரியன் என்பது ஒழுக்கம் பற்றி வந்தது. ஆயன் உடலிற் புகுந்து குருவாய் விளங்கிய திருமூலர் வரலாறு ஒன்றே இரண்டும் கூடுமிடம். சாத்தனூரில் இறந்த மூலன் என்னும் இடையனைச் சூழ்ந்து கதறிய ஆக்களின் துயர் நீக்க அவன் உடலிற் புகுந்தவர், அவற்றை மேய்த்து மாலையில் ஊர் கொணர்ந்தார். அவை தத்தம் மனைகளுட் புகுந்தன. மூலனுடைய மனையாள் வந்தழைப்பவும், அவளோடு தமக்குத் தொடர்பில்லை என மறுத்துப் பொதுமடத்துட் சென்றிருந்தார் எனப் பெரியபுராணம் கூறும்.