கூடையும் கணக்கும்



மலைநாட்டில் ‘கூடை’ என்று சொன்னவுடன், நெற்றியிலே கயிறு பதிய, முதுகிலே தொங்கும் கொழுந்துக் கூடைதான் நம் மனக்கண்முன் தோன்றும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் பனி விலகுமுன்னரே மலையேறும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்த கூடை அது. இக்காலத்தில் பல இடங்களில் அதன் இடத்தைச் சாக்குப் பை பிடித்துக்கொண்டது. எனினும் பாரம் மாறவில்லை.

வேறொரு கூடையும் உண்டு. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரையின்கீழ் ஆடுவதற்கென ஒரு புதிய விளையாட்டை வகுத்தார். பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். பந்து கூடைக்குள் விழுந்தால் புள்ளி. இன்று உலகெங்கும் ஆடப்படும் கூடைப்பந்தாட்டத்தின் பிறப்பு அதுதான்.

இவ்விரண்டு கூடைகளுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. இரண்டின் அருகிலும் ஒருவர் கணக்கேட்டுடன் நிற்கிறார். ஒருவர் கொழுந்தின் எடையை எழுதுகிறார். மற்றவர் புள்ளியை எழுதுகிறார். அந்த ஏட்டில் ஏறியது மதிப்புப் பெறுகிறது, ஏறாதது மறக்கப்படுகிறது. கணக்கு யாரைக் காட்டுகிறது, யாரை மறைக்கிறது, மறைந்தவரைக் கண்டுபிடிப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விளையாட்டுலகில் இக்கேள்வியைக் கூர்மையாக்கியவர்கள், விந்தையாக, ஆடுகளத்தில் இறங்காதவர்கள். காகிதத்தின்மீது ஆடும் போட்டிகள் சில அமெரிக்காவில் தோன்றின. மெய்யான ஆட்டக்காரர் ஒவ்வொருவருடைய சாதனைகளையும் ஓர் அட்டையில் எண்களாக எழுதிவிடுவார்கள். தாயக்கட்டையை உருட்டி, விழும் எண்ணுக்கேற்ப ஆட்டத்தை நடத்துவார்கள். 1961இல் ஹால் ரிச்மன் என்பவர் வெளியிட்ட ‘ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக்’ இவ்வகையில் பெயர் பெற்றது. முதலில் பேஸ்பால் ஆட்டத்துக்கும், பின்னர் கூடைப்பந்து முதலியவற்றுக்கும் அது அமைந்தது. தாயக்கட்டையின் வேலையை இன்று கணினி செய்கிறது. ஒருவர் தமக்கென ஓர் அணியைத் திரட்டுகிறார். செலவுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குள் அவர் வெல்ல வேண்டும்.

வரம்பு இருப்பதால் பெரும்புகழ் பெற்றவர் அனைவரையும் வாங்கிவிட முடியாது. ஆகவே வெல்ல விரும்புகிறவன் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்: விலை குறைந்து, மதிப்பு மிகுந்து கிடப்பவன் யார்? இப்பழக்கத்திலிருந்து மூன்று பாடங்கள் பிறந்தன.

முதற்பாடம், மொத்தத்தை மட்டும் பாராதே என்பது. ஓர் ஆட்டக்காரன் இருபது புள்ளி எடுத்தான். மற்றொருவன் பதினான்கு எடுத்தான். செய்தித்தாள் முன்னவனைப் புகழும். ஆனால் முன்னவன் இருபத்திரண்டு முறை எறிந்து பத்து முறை வென்றான். பின்னவன் ஒன்பது முறை எறிந்து ஏழு முறை வென்றான் என்று வைத்துக்கொள்வோம். முன்னவன் பன்னிரண்டு வாய்ப்புகளை இழந்தான். பின்னவன் இழந்தவை இரண்டே. இவர்களுள் எவன் சிறந்தவன் என்பதற்குப் பெருங்கணிதம் வேண்டியதில்லை.

இரண்டாம் பாடம், எண்ணப்படாததைத் தேடு என்பது. பாஸ்டன் நகர அணியின் பில் ரஸ்ஸல் 1956 முதல் 1969 வரை பதின்மூன்று பருவங்கள் ஆடினார். அவற்றுள் பதினொன்றில் அவருடைய அணியே வாகை சூடியது. எதிரி எறியும் பந்தை இடைமறித்துத் தட்டுவதில் அவருக்கு நிகரானவர் அரியர். ஆனால், தடுத்த பந்துகளையும் பறித்த பந்துகளையும் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் முறையாக எண்ணத் தொடங்கியது 1973-74ஆம் ஆண்டுப் பருவத்தில்தான். ரஸ்ஸல் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் கழிந்த பின்பு! அவர் எத்தனை பந்துகளைத் தடுத்தார் என்பதற்கு முழுமையான கணக்கு இல்லை. வெற்றிகள் அவர் பெயரைக் காத்தன. அவரைப் போல் தடுத்தும், வெல்லும் அணியில் இடம் பெறாத மற்றையோரின் கதி யாது?

மூன்றாம் பாடம், கண்ணின் தீர்ப்பைச் சோதித்துப் பார் என்பது. செர்பிய நாட்டு நிக்கோலா யோக்கிச் 2014ஆம் ஆண்டுத் தேர்வில் நாற்பத்தோராவது ஆளாகவே தெரிவு செய்யப்பட்டார். உடல் பருமன், ஓட்டத்தில் வேகமில்லை, உயரத் தாவவும் இயலாது. அவர் பெயர் அறிவிக்கப்பட்ட வேளையில் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததாம். அவரே 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் அச்சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். 2023இல் தம் அணிக்குக் கிண்ணத்தையும் ஈட்டித் தந்தார். கண் உடலைப் பார்த்தது; அவர் பந்தைப் பிறர்க்கு வழங்கும் நுட்பத்தைப் பார்க்கத் தவறியது.

இனி, நம் மலைக்குத் திரும்புவோம்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிராக்கினார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்க, மலைநாடெங்கும் தேயிலை பரவியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் காட்டை வெட்டினர், தேயிலையை நட்டனர், கொழுந்து பறித்தனர். அவர்களின் மதிப்பை அளந்த கருவி தராசு. நிர்ணயித்த இறாத்தலைப் பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். ஒரு நாளைய உழைப்புக்கே ‘பேர்’ என்று பெயர் வைத்த மொழி நம் தோட்டத்து மொழி. தராசு முள் சற்றுக் கீழிறங்கினால் மனிதருடைய பேரும் பாதியாகிவிடும்!

தராசு பொய் சொல்லாது என்பார்கள். பொய் சொல்லவில்லைதான், ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. ஒருத்திக்குக் கிடைத்த நிரை செழித்த செடிகளை உடையது. அடுத்தவளுக்கு வாய்த்ததோ பாறைச் சரிவு. ஒருத்தி இரண்டிலையும் மொட்டுமாகத் தேர்ந்து பறிக்கிறாள். மற்றொருத்தி முற்றிய இலையையும் சேர்த்து எடையைக் கூட்டுகிறாள். நிரையின் தன்மையும் விரலின் நுட்பமும் தராசின் முள்ளில் ஏறுவதில்லை. அதுமட்டுமா? கொழுந்தைப் பறித்தவர் பெரும்பாலும் பெண்களாயிருந்தும், அவர்களின் நாட்சம்பளம் ஆண்களின் சம்பளத்துக்குச் சமமாக்கப்பட்டது 1984இல்தான்.

தராசுக்கு அடுத்த ஏடு, வாக்காளர் இடாப்பு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டு மக்களின் சார்பில் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாத் தொகுதியில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதனைத் தொடர்ந்து 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசின் உறுப்பினர் ஒருவரும் தெரிவாகவில்லை. 1964இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டது. எஞ்சி நின்றோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. உழைப்பு மட்டும் எண்ணப்பட்டு, உழைத்தவர் எண்ணப்படாத காலம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது.

அத்தகைய மக்களிடையே ஓர் ஆட்டக்காரனைத் தேட யார் வருவார்? பிரித்தானியர் காலத்தில் தரவளையிலும் ராதல்லையிலும் பசும்புல் விரிந்த கிரிக்கெட் மைதானங்கள் அமைந்தன. அவை தோட்டத் துரைமாரின் மன்றங்களுக்கு உரியவை. நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தபோதும், தோட்டப் பள்ளிகள் பெருவழியிலிருந்து ஒதுங்கியே கிடந்தன. அவற்றை அரசு முழுமையாகப் பொறுப்பேற்றது 1970களில். பெரிய கல்லூரிகளின் ஆட்டங்களைக் கண்டே தேர்வாளர் ஆட்களைக் குறித்தனர். லயத்து முற்றத்தில் கந்தல் பந்தை எறிந்த சிறுவன் அவர்தம் ஏட்டில் ஏற வழியேது?

எனினும் ஒருவர் ஏறினார். 1920இல் பெரியசாமி சின்னசாமி என்பவர் தென்னிந்தியாவிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தார். பிற்காலத்தில் அவர் தம் பெண்மக்களோடு திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பினார். ஆண்மக்கள் இலங்கையிலேயே தங்கினர். அவர்களுள் முத்தையா கண்டியை அடுத்த குண்டசாலையில் பிஸ்கட் தொழில் நடத்தினார். அவருடைய மூத்த மகனே 1972இல் பிறந்த முத்தையா முரளிதரன்.

கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் முதலில் மிதவேகப் பந்து வீச்சாளராகவே ஆடினார். பதினான்காம் வயதில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அவரைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். கவனியுங்கள்: அன்று அச்சிறுவனின் சுழற்பந்துக்கு எவ்விதப் புள்ளிக்கணக்கும் இல்லை, ஆடாத ஆட்டத்துக்குக் கணக்கு எங்கிருந்து வரும்? ஏட்டில் இல்லாத ஒன்றை ஆசிரியர் ஒருவர் கண்டார். 1990-91ஆம் ஆண்டுப் பருவத்தில் நாட்டின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர் என்ற விருதை அம்மாணவர் பெற்றார்.

அதன்பின் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. 1991இல் இலங்கை ‘ஏ’ அணியுடன் இங்கிலாந்து சென்ற முரளிதரன் ஐந்து ஆட்டங்களில் ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை. அந்தச் சுழியத்தை மட்டும் நம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஐந்து ஆட்டம் ஒருவனுடைய முழு மதிப்பைக் காட்டாது. ஒரு நாள் மழையில் கொழுந்து குறைந்ததென்று ஒருத்தியைச் சோம்பேறி என்று சொல்லலாமா? அடுத்த ஆண்டே, 1992 ஓகஸ்டில், கொழும்பு கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் தேசிய அணியில் ஆடினார்.

கண்ணின் தீர்ப்பும் அவரை விடவில்லை. 1995 டிசம்பர் 26இல், மெல்போர்ன் மைதானத்தில், நடுவர் டரல் ஹெயர் அவருடைய பந்து வீச்சு எறிதல் என்று கூறி ஏழு முறை ‘நோ பால்’ அறிவித்தார். பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கை அது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படக்கருவிகளால் அக்கையை அளந்தனர். எறிவது போன்ற தோற்றம் கண்ணின் மயக்கமே என்று கண்டனர். சர்வதேச கிரிக்கெட் சபையும் அவர் ஆட்டத்தை ஏற்றது. யோக்கிச்சின் உடலைப் போலவே இக்கையும் கண்ணை ஏமாற்றியது. அளவை அதன் மெய்யைக் காட்டியது.

2010 ஜூலை 22. காலி மைதானம். தம் இறுதி டெஸ்டில் தாம் வீசிய இறுதிப் பந்தில் அவர் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். டெஸ்ட் ஆட்ட வரலாற்றில் அவ்வெண்ணை எட்டியவர் வேறெவரும் இலர்.

நேயர்களே, இக்கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பேரன் கண்டுபிடிக்கப்பட்டான், ஏன்? அவன் தந்தை தோட்டத்தைக் கடந்து தொழில் கண்டிருந்தார். கல்லூரியும் மைதானமும் பயிற்றுநரும் எட்டும் தொலைவில் இருந்தனர். எண்ணுகிறவர்களின் பார்வை விழும் இடத்தில் அவன் நின்றான். அவனை ஒத்த வயதில் மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ லயத்து வாசலில் நின்ற சிறுவனுடைய முழங்கை எப்படி இருந்தது, விரல் எப்படிச் சுழன்றது என்று யார் பார்த்தார்? 800 என்பது எண்ணப்பட்ட எண். அதனருகில் எண்ணப்படாத மற்றோர் எண் நிற்கிறது. மலைநாட்டின் வரலாற்றை எழுதுவோர் அதனையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

காகிதத்தில் கூடைப்பந்து ஆடுவோர் கற்ற பாடங்களை நம் ஆசிரியர்கள் மேற்கொள்ளப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும். யார் அதிகப் புள்ளி எடுத்தான் என்பதோடு, எத்தனை வாய்ப்பில் எடுத்தான் என்றும் எழுதுங்கள். எறிந்தவன் பெயரோடு பந்தைக் கொடுத்தவள் பெயரையும், தடுத்தவள் பெயரையும் எழுதுங்கள். ஒரு நாளைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிள்ளைக்கு வாய்த்த நிரை எத்தகையது என்று கேளுங்கள். காலையில் உண்டு வந்ததா? எத்தனை கல் தொலைவு நடந்து வந்தது? காலில் சப்பாத்து உண்டா? செழித்த நிரையில் பத்துக் கிலோ பறித்தவளைவிடப் பாறைச் சரிவில் எட்டுக் கிலோ பறித்தவள் தேர்ந்தவளாக இருக்கலாம்.

கணக்கு வேண்டாம் என்று நான் கூறவில்லை. கணக்கு இல்லாவிடில் முகம் பார்த்துத் தெரிவு செய்யும் பழைய வழக்கமே மிஞ்சும். கணக்கை விரிவாக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தராசு காலியான பின்னும் ஏட்டில் எழுதப்படாமல் மலையிறங்கும் திறமைகள் இன்னும் உள்ளன. அவற்றுக்கு முழுப் பேர் எழுதுவது நம் கடமை.