ஈப்போ மரத்தின் பால்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஈப்போ நகரின் பெயர், ஒரு நஞ்சு மரத்தின் பெயர். ஈயத் தொழில் அந்நகர் அமைந்த கிந்தா பள்ளத்தாக்கை மாற்றுவதற்கு முன், அங்கே ஓங்கி வளர்ந்த காட்டு மரம் அது. பட்டையைக் கீறினால் பால் வடியும். அங்குள்ள பழங்குடிகளான ஓராங் அஸ்லி வேட்டைக்காரர்கள் அந்தப் பாலை நெருப்பில் வாட்டிக் கெட்டியாக்கி, ஊசி போன்ற அம்புகளின் முனையில் பூசினார்கள்.

ஆளுயரத்தையும் தாண்டும் மூங்கில் ஊதுகுழல். ஒரே மூச்சு. நஞ்சு இரத்தத்தில் கலந்து குரங்கின் இதயத்தை நிறுத்தும். காயத்தைச் சுற்றியுள்ள சதையை அரிந்தெறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைப்பார்கள்.

தான்சானியாவின் எயாசி உவர் ஏரியருகே வேட்டையாடி, கிழங்கு தோண்டி, தேனெடுத்து வாழும் ஹாட்சா மக்களுக்கும் இந்த வித்தை தெரியும். அவர்கள் அம்புக்கு நஞ்சு காய்ச்சுவது அடினியம் செடியிலிருந்து. நம் மாடித்தொட்டிகளில் ரோஜா நிறத்தில் பூக்கும் அதே செடி! அந்த நஞ்சும் இதயத்தைத்தான் தாக்கும்.

பேராக் காட்டுமக்களுக்குப் பால் வடியும் மரங்கள் வேட்டைக்கு மட்டுமல்ல, வணிகத்துக்கும் உதவின. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட 'கெத்தா பெர்ச்சா' என்னும் மரப்பால் தேவைப்பட்டது. அதைத் தரும் தாபான் மரங்களைக் காட்டில் தேடியவர்களில் ஓராங் அஸ்லிகளும் உண்டு. மரத்தை வெட்டிச் சாய்த்தே பால் எடுத்ததால் தாபான் அருகிப்போனது.

சாய்க்காமலே நாள்தோறும் பால் தரும் மரம் 1877இல் வந்தது. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். பிறகு காடுகள் தோட்டங்களாயின. தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். மலாய் மொழியில் மரப்பாலுக்குப் பெயர் 'கெத்தா'. தோட்டத் தமிழர் வாயில் அது 'கித்தா' ஆயிற்று. விடியலில் கித்தா மரத்தைக் கீறி மங்கு வைத்தவர்கள், காட்டுக்காரர்களும் வணிகர்களும் புழங்கிய சொல்லையே புழங்கினார்கள்.

தோட்டம் எட்டாத வடக்கு மலைக்காட்டில் ஓராங் அஸ்லிகளில் ஒரு பிரிவினரான ஜஹாய் மக்கள் இருந்தார்கள். அவர்கள் மொழிக்கு உறவு மலாய் அல்ல. கம்போடியாவின் கெமெரும் இந்தியாவின் முண்டா மொழிகளும்தான். நிறங்களுக்குப் பெயர் சொல்வதுபோல வாசனைகளுக்கும் தடுமாறாமல் பெயர் சொல்பவர்கள் என்று 2014இல் வெளியான ஆய்வொன்று அவர்களை உலகறியச் செய்தது. பெட்ரோலுக்கும் புகைக்கும் வௌவால் எச்சத்துக்கும் பொதுவான நெடியைக் குறிக்க அவர்களிடம் ஒற்றைச் சொல் இருக்கிறது.

ஹாட்சாக்களின் எயாசி இயற்கை தந்த ஏரி. ஜஹாய்களின் தெமெங்கோர் ஏரியோ, 1970களில் பேராக் ஆற்றை மறித்துக் கட்டிய அணையால் பிறந்தது. அவர்கள் வேட்டையாடிய பள்ளத்தாக்குகள் அதனடியில் மூழ்கின. பல குடும்பங்கள் ஆயிர் பானுன் போன்ற மறுகுடியேற்ற ஊர்களுக்கு மாறின. இன்று சுற்றுலாப் படகுகள் ஏரியைக் கடந்து ஜஹாய் கிராமங்களுக்குப் போகின்றன. ஊதுகுழல் ஊதிக் காட்டுவது அங்கே வழக்கமான காட்சி.

லோ காலத்து ரப்பர் மரம் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்பது ஓர் ஈப்போ மரம்.